பிள்ளையைப் பார்த்த ஒரே நிபுணர்

குழந்தை மனநல மருத்துவர் மங்களேஸ்வரி காலமானதை, கொட்டாஞ்சேனையிலிருக்கும் அவருடைய தங்கை நேற்றுக் காலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். மாரடைப்பு. தொலைபேசியை வைத்த கையோடு மறுபடி ஒலித்தது. பேசியவர், நீதிமன்றச் செய்திகள் எழுதும் எனக்குப் பழக்கமான ஒரு சட்டத்தரணி. “செய்தி உண்மையோ ஐயா?” என்றார். ஓம் என்றேன். “அப்ப அவவின்ர ரிப்போர்ட் கோட்டில நிக்குமோ?” இரங்கலாக ஒரு சொல் இல்லை.

அந்த அறிக்கை ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. விடுமுறைக்கென்று அவளை லண்டனிலிருந்து வெள்ளவத்தைக்கு அழைத்து வந்த தாய் திரும்பிப் போகவில்லை. மகளைத் திருப்பி அனுப்பும்படி, ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ் தகப்பன் இங்கே வழக்கிட்டார். பிள்ளை யாரோடு வளர வேண்டும் என்பது இந்த வழக்கின் கேள்வியே அல்ல. அது லண்டன் நீதிமன்றத்தின் வேலை. திருப்பி அனுப்பினால் அவளுக்குப் பாரதூரமான ஆபத்து உண்டா என்பது மட்டுமே இங்கே கேள்வி. இதை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியும், “அப்ப ஆர் நல்லவர், தாயோ தகப்பனோ?” என்றுதான் கேட்டார்கள். சட்டத்தரணிகளும் அப்படியே.

இரு தரப்பும் நிபுணர் கருத்துகளைத் தாக்கல் செய்தன. பிள்ளை யுத்தத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறாள் என்று தகப்பனின் நிபுணர் லண்டனில் இருந்தபடியே எழுதினார். சான்று, அவள் தகப்பனுக்கு வரைந்து அனுப்பிய சிப்பாயின் படம். லண்டனின் தனிமை அவளைச் சிதைத்துவிடும் என்று எழுதிய தாயின் நிபுணர், லண்டனுக்குப் போனதே இல்லை. இருவரும் சிறுமியைக் கண்டதில்லை. “ரெண்டு பேரும் நாட்டைத்தான் பரிசோதிச்சிருக்கினம்” என்றார் மங்களேஸ்வரி.

நீதிமன்றம் நியமித்த அவர் மட்டுமே அவளைக் கண்டார். தாயை வெளியே இருத்திவிட்டு, படத்தில் இருப்பது யார் என்று கேட்டார். சிறுமியின் பதில் அறிக்கையில் அப்படியே இருக்கிறது: “சந்தியில நிக்கிற ஆமி அங்கிள். தோள் பாக்கைத் திறக்கச் சொல்லுவார். பொம்மையைக் கண்டால் அதுக்கும் ஐடி கேப்பார்.”

அவருடைய அறிக்கைகள் எல்லாம், தமக்குத் தெரியாதது என்ன என்பதில்தான் தொடங்கும். தகப்பன் அடித்தார் என்கிறார் தாய். அதைக் கொழும்பிலிருந்து தம்மால் உறுதிசெய்ய முடியாது என்றும், லண்டன் பொலிஸ், வைத்தியசாலைப் பதிவுகளைக் கேட்குமாறும் முதற் பந்தியிலேயே மங்களேஸ்வரி எழுதினார். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு சட்டத்தரணி அவரை மறித்தார்.

“டொக்டர், இது ஒருதருக்கும் உதவாதே!”

“உதவி வேணுமெண்டால் கொச்சிக்கடைக் கோயிலுக்கு, அந்தோனியாரிட்டப் போங்கோ தம்பி. நான் கண்டதை எழுதினனான்.”

பதிவுகளைக் கேட்க இன்றுவரை ஒருவரும் அவசரப்படவில்லை. வாரக் கணக்கில் முடிய வேண்டிய வழக்கு, தவணை தவணையாக இழுபடுகிறது.

குறுக்கு விசாரணைக்கு முன்பே அவர் போய்விட்டார். இதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் இன்று ஒத்துப்போகின்றன: புதிய நிபுணர் வேண்டுமாம். அவருடைய அறிக்கையின் கடைசி வரி, “பொலிஸ், சட்டத்தரணிகள், உறவினர் எல்லோரும் கேட்டாயிற்று, இந்தப் பிள்ளையிடம் இனி ஒருவரும் கேட்க வேண்டாம்” என்பது. நீண்ட காலம் பழகிய அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த எரிச்சலை. அது ஆறக்கூடாது.

“புது டொக்டருக்கும் முதலில இருந்து சொல்ல வேணுமோ?” என்று மகள் கேட்பதாகத் தாய் சொன்னார். நீதிமன்றத்தின் பதில் அடுத்த மாதத் தவணையில் எதிர்பார்க்கப்படுகிறது.