இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்

பிள்ளைகள், நான் அலுவலக வேலையை ஏன் விட்டேன் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். முதுகு வலி என்று சொல்லித் தப்பிவிட்டேன். அது பொய். இப்போது நீங்கள் இரண்டு பேரும் கையில் போனோடு திரிகிற வயதுக்கு வந்துவிட்டதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். எனக்குச் சோடித்து எழுதத் தெரியாது. பெயர்களை எழுதமாட்டேன். ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும்.

நீர்வேலிக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் இருந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் வெளிக்கள உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், மனம் உடைந்து போயிருக்கிற சனத்தை விசாரித்து, அவர்களோடு இருந்து கதைப்பதற்கு உளவளத்துணை செய்கிற ஓர் அக்காவை ஒழுங்கு செய்து கொடுப்பது என் வேலை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கொம்பியூட்டரில் அட்டவணை போடப் பழகிவிட்டேன். பெயர், முகவரி, என்ன நடந்தது, என்ன மருந்து என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை. அந்தப் பட்டியல் ஒன்லைனில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் மட்டும் திறக்கலாம். அக்கா வந்து சொல்வதையும் சேர்த்து, குறிப்பு எழுதும் கட்டத்தை நான் நிரப்புகிற மாதிரி ஒருவரும் நிரப்பமாட்டார்கள் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

பட்டியலில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் தோட்டங்களில் வாழையிலை வெட்டிக் கட்டுக் கட்டி யாழ்ப்பாணச் சந்தைக்கு அனுப்புகிறவ. மகள் நெல்லியடியில் உயர்தரம் படித்தாள், கெட்டிக்காரி. தகப்பன் செத்த வருசம் அந்தப் பிள்ளை தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்து, ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை இருந்தது. ஊருக்கு நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் அக்கா கிழமைக்கு ஒருமுறை போய்க் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் திரும்பப் புத்தகத்தை எடுத்தாள்.

முதல் நாள் நான் பேனையை எடுத்தபோதே தாய் கேட்டா.

"அண்ணை, உதை எழுதாதேங்கோ. காய்ச்சல் எண்டே எழுதுங்கோவன்."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. இது எங்கடை அலுவலகத்துக்குள்ளைதான் இருக்கும். வெளியிலை ஒரு காகத்துக்கும் தெரியாது" என்றேன்.

அலுவலகப் பொறுப்பாளர் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பெண். ஒருநாள் அவ என் மேசைக்கு வந்து சொன்னா.

"அண்ணை, இந்தப் பட்டியலை வெளி ஆக்களுக்கு அனுப்பவே ஏலாமல் பூட்டலாம். நீங்கள் நினைச்சாலும் போகாது. பூட்டட்டோ?"

"பூட்டினால் என்ரை சொந்தப் போனிலை பாக்கலாமோ?"

"ஏலாது. அலுவலகக் கணக்கு இருந்தால்தான்."

"அப்ப வேண்டாம் பிள்ளை. ஆரோ ஒருத்தரின்ரை படலை வாசலிலை நிண்டுகொண்டு முகவரி தேடுறவன் நான். பிறகு எனக்கே திறக்காது."

அவ சிரித்துவிட்டுப் போய்விட்டா. வயதுக்கு மரியாதை கொடுத்தா. கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

எங்கள் நிறுவனத்துக்கு உதவி செய்தது லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கம். அதன் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சைக்கிளில் ஏற்றித் திரிந்தவர். அவர்களுடைய ஆண்டுக் கூட்டத்துக்கு முன் அவர் போன் எடுத்தார்.

"மோனை, ஆர் ஆருக்கு உதவி போகுதெண்டு சனம் கேக்குது. உந்தப் பட்டியலை ஒருக்கா அனுப்பு."

"பெரியப்பா, அது சனத்தின்ரை சொந்த விசயம் எல்லோ."

"அப்ப நாங்கள் சனமில்லையோ?"

இணைப்பை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போன்.

"என்னடா இது? அனுமதி கேள் எண்டு நிக்குது. உன்ரை கொம்பியூட்டருக்கு என்னை ஆரெண்டு தெரியாதோ? உன்ரை கொப்பன்ரை கலியாணத்துக்குப் பந்தல் போட்டவனடா நான்! ஊருக்கு வந்தால் என்னைக் கேற்றிலை நிப்பாட்டி அடையாள அட்டை கேப்பியோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்கு முகம் சுட்டது. அனுமதி கேட்டு ஒரு கோரிக்கை வரும், அதை நான் பார்த்து அவரை உள்ளே விடவேண்டும். வயதுபோன மனிசனை, அதுவும் எங்களுக்கு உதவி செய்கிற மனிசனை, வாசலில் காக்க வைக்கிற மாதிரி அது எனக்குப் பட்டது. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற வரியை அழுத்தினேன். அவர் பார்த்து முடிந்ததும் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

பின்னேரம் கேட்டேன். "இன்னும் முடியேல்லை மோனை. கண்ணும் தெரியுதில்லை. ஞாயிறு வரையும் விடு" என்றார். விட்டேன்.

அவர் அதை ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். 'எங்கள் பணி' என்று மேலே எழுதி, கை கூப்புகிற படமும் போட்டு. எங்கள் ஊர்ச் சனத்தில் பாதி வெளிநாட்டில். மிச்சப் பாதியின் தங்கச்சியும் மச்சானும் அந்தக் குழுவில்.

திங்கள் காலை இலைக்கட்டோடு சந்தியில் நின்ற தாயிடம் அங்கே உள்ள கடைக்காரி கேட்டாளாம்.

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி? கனடாவிலை இருந்து என்ரை மச்சாள் போன் எடுத்து அழுதவ. பாவம், என்ன யோசிச்சு உப்பிடிச் செய்தவள்?"

இரக்கத்தோடு, ஆனால் நாலுபேர் நிற்கும்போது கேட்டிருக்கிறாள். அன்று பின்னேரமே ரியூசனில் ஒரு பெட்டை அந்த வரிசையைப் படமெடுத்ததைத் தன் சிநேகிதிகளுக்குக் காட்டியிருக்கிறாள். கடைசியில் அது அந்தத் தாயின் மகளுடைய கைக்கே வந்தது.

பொறுப்பாளர் எனக்குச் சொன்னபோது நான் ஓடிப்போய் இணைப்பைப் பூட்டினேன். பூட்ட அரை நிமிடமும் எடுக்கவில்லை. படமெடுத்து வைத்தவர்களின் போன்களை யார் பூட்டுவது?

அவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். தாய் முற்றத்தில் நின்றா. எந்த நாளும் "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிப்பம்" என்கிறவ, அன்று கதிரையைக் காட்டவில்லை.

"எழுதாதேங்கோ எண்டு கேட்டனான் எல்லோ."

"பிழை என்னிலைதான், தங்கச்சி."

மகள் வெளியே வந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். என் பட்டியலின் ஒரு வரிசை, மஞ்சள் நிறமடித்தபடி இருந்தது. அவசரமானவர்களுக்கு நான்தான் மஞ்சள் அடிப்பேன்.

"உதை எழுதினது நீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"வாசிச்சுக் காட்டுங்கோ."

என்னால் முடியவில்லை. அவளே வாசித்தாள், வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில். தகப்பனைப் பற்றி அவள் சொன்னதை, ஆஸ்பத்திரியில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதை, 'திரும்பவும் செய்யக்கூடும்' என்று நான் முடித்ததை. அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதெல்லாம் நான் அக்காவுக்குச் சொன்னது. உங்களுக்குச் சொல்லேல்லை. லண்டனுக்கும் சொல்லேல்லை."

தாய் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனா. கதவுக்குள் இருந்து எனக்குச் சொன்னா: "எங்கடை பேரை எடுத்துவிடுங்கோ. அக்காவையும் இனி வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"அக்கா வரட்டும் தங்கச்சி, நான் வரேல்லை…"

"ஒருத்தரும் வேண்டாம்."

அடுத்த நாள் பொறுப்பாளர் எல்லாவற்றையும் பூட்டினா. இப்போது அங்கே எவர் நினைத்தாலும் ஒரு வரி வெளியே போகாது. பூட்டாமல் விட்டது தன் பிழை என்று மேலிடத்துக்கு எழுதினா. அந்தக் கடிதத்தில் என் பெயரே இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் விலகல் கடிதம் கொடுத்தேன்.

பெரியப்பாவுக்கும் சொன்னேன். "நான் நல்லதுக்குத்தானே போட்டனான், மோனை. இஞ்சை எத்தினை பேர் அந்தப் பிள்ளைக்காகக் கோயிலுக்கு நேந்தவை தெரியுமே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நேர்ந்திருப்பார்கள். நான் போனை வைத்தேன்.

அந்த மாதம் முடியுமுன் தாயும் மகளும் வீட்டைப் பூட்டிவிட்டு வவுனியாவில் தாயின் தமையன் வீட்டுக்குப் போனார்கள். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவள் அதை எழுதவில்லை.

உளவளத்துணை அக்கா விடாமல் போன் எடுத்துப் பார்த்தா. ஒருதரம் தாய் எடுத்து, "உயிரோடை இருக்கிறாள். அதுக்கு மேலை கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாவாம். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அவள் மருந்து எடுக்கிறாளா, யாரோடும் கதைக்கிறாளா என்று தெரியவில்லை. வவுனியாவில் தெரிந்த ஒருவரை விட்டு விசாரிக்கலாம் என்று இரண்டு தரம் யோசித்தேன். விசாரிப்பதென்றால் அந்த மனிதருக்கு அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். அதனால் விசாரிக்கவில்லை.