நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு வராண்டாவில் ஒரு வாய்மொழித் தேர்வு நடந்தது. பதில் சொன்னவர், பின் போர்ஷனில் குடியிருக்கும் வசந்தா. கேள்வி கேட்ட வாத்தியார் - அடியேன்!

வசந்தாவை உங்களுக்குத் தெரியாது. ஆனால், அவள் தைத்த காலர் உங்கள் கழுத்தில் இருக்கலாம்... இல்லை, இருக்காது. அதெல்லாம் கப்பலேறி வெள்ளைக்காரர்கள் கழுத்துக்குப் போய்விடும். சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து சிட்லபாக்கம் முனையில் ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்க காலர், காலர், காலர். பத்து வருஷமாகச் சட்டை தைக்கிறாள். அங்கே இதுவரை ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை.

அன்று கையில் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, இத்த ஒப்பிக்கணும். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"என்ன வசந்தா இது?"

"செவ்வாக்கெழம ஆடிட்டுக்கா. துணி வாங்குற ஃபாரின் கம்பெனிக்காரங்க ஒரு மேடத்த அனுப்புறாங்க. நாங்க நல்லா கீறோமா இல்லியான்னு கேப்பாங்களாம். அதுக்குப் பதிலு."

நல்லா இருக்கிறோம் என்று சொல்லப் பன்னிரண்டு பதில்கள்! டைப் அடித்து, நம்பர் போட்டு, எச்.ஆர். ஆபீஸிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். வசந்தா தைரியமாகப் பேசுவாள் என்பதால் பேட்டிக்கு அவளைப் பொறுக்கியிருக்கிறார்கள். தொழிலாளியின் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு அக்கறை பாருங்கள். அவள் யோசித்துச் சிரமப்படக் கூடாதே என்று, மனதையும் இவர்களே டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஓவர்டைம் கட்டாயமா?"

"இல்லீங்க மேடம். விருப்பம் இருந்தா செய்யலாம்."

"சூப்பர்வைசர் திட்டுவாரா?"

"இல்லீங்க மேடம். அண்ணன் மாதிரி நடந்துக்குவாரு."

"பாத்ரூமுக்கு எப்போது போகலாம்?"

"எப்ப... எப்ப வேணும்னாலும் போலாம் மேடம்."

இதில் மட்டும் தடுமாறினாள். எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு சொல்லு" என்று திருத்தினேன். நாலு தடவை சொல்ல வைத்தேன். ஐந்தாவது தடவை, யாராக இருந்தாலும் நம்பும்படி வந்தது. எனக்கு ஒரே பெருமை!

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டாள். மூன்றாவதும் கேட்டாள்.

"வெயில்கூட இல்லையே... இவ்வளவு தாகமா?"

"ஞாயித்துக்கெழம மட்டுந்தாங்க்கா வயிறு ரொம்ப குடிப்பேன்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். மரக்கட்டையில் சிவப்புப் பெயின்ட்டால் லைன் நம்பர் எழுதி, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். கட்டை ஆணியில் இருக்கும் நேரம் பார்த்து, காலர் மலையாகக் குவிந்திருக்கும். எழுந்தால் அந்த மணி நேரத்து டார்கெட் போச்சு. சூப்பர்வைசர் அண்ணன் திட்டுவார் - தங்கைகளிடம் சொல்லக்கூடாத வார்த்தைகளில்.

ஆகவே நாற்பது பேரும் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீரே குடிப்பதில்லை.

தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், வசந்தா தன் பாட்டில் தண்ணீரை என் செம்பருத்திக்கு ஊற்றுவாள். அடடா, செடிகள் மேல் இவளுக்கு எவ்வளவு பிரியம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கொண்டுபோன தண்ணீர் அப்படியே திரும்பி வந்திருக்கிறது!

"யூரின் இன்ஃபெக்‌ஷன், மூணாந்தபா வந்துகீது. தண்ணி குடிக்கலன்னா கிட்னிக்குப் போய்டும்னு டாக்டரம்மா கத்துறாங்க."

"அப்போ அந்த ஆடிட் மேடத்திடம் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஆர்டரு போய்டுமாம். ஆர்டரு போனா எல்லாருக்கும் வேலை போய்டும்னு மீட்டிங் போட்டு சொல்லிட்டாங்கக்கா."

சிரித்த முகத்தோடு சொல் என்று நான் சொல்லிக்கொடுத்தது எந்தப் பொய்யை என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ரொம்பவே.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலையில் கட்டை ஆணியிலிருந்து இறங்கி, சூப்பர்வைசர் டிராயருக்குள் போய்விட்டது. முதலுதவிப் பெட்டியில் திடீரென்று பஞ்செல்லாம் முளைத்தது. ஆடிட் மேடம் நம் ஊர்ப் பெண்தான். நல்ல தமிழில் கேட்டாராம். தனி ரூமில் வைத்துப் பன்னிரண்டு கேள்விகள். வசந்தா பன்னிரண்டுக்கும் மளமளவென்று பதில் சொன்னாள். பாத்ரூம் கேள்விக்கு, என் டிரெய்னிங் வீண் போகவில்லை - சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

பேட்டி முடிந்து இருவரும் மிஷின்கள் ஓடும் ஹாலுக்கு வந்தார்கள். மேடம் சாதாரணமாகக் கேட்டார்: "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

பத்து வருஷப் பழக்கம். வசந்தாவின் கண் ஆணிக்குப் போனது. அது காலி.

"இருங்க மேடம், டோக்கன் யாராண்ட கீதுன்னு கேட்டுகினு வரேன்."

"என்ன டோக்கன்?"

சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டதாம். ஜெராக்ஸ் தாளில் பதிமூன்றாவது கேள்வியே இல்லையே, பாவம், வசந்தா என்ன செய்வாள்? உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"லைனுக்கு ஒண்ணு மேடம். நாப்பது பேரு. அதுக்குப் பயந்துகினு யாரும் தண்ணி குடிக்கிறதில்ல."

மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

போன வாரம் ரிப்போர்ட் வந்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். ஒரே மரக்கட்டையை நாற்பது பேர் தொடுவது சுகாதாரமில்லையாம். ஆகவே கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் டோக்கன் வேண்டும். லைனுக்கு இரண்டாக வேண்டும். கம்பெனி உடனே மாற்றிவிட்டது. ஆர்டர் எங்கேயும் போகவில்லை. ரிசப்ஷனில் ஒரு சர்டிஃபிகேட்தான் புதிதாக வந்திருக்கிறது, ஃப்ரேம் போட்டு.

இப்போது என் செம்பருத்திக்குத் தினமும் அரை பாட்டில்தான் கிடைக்கிறது. இரண்டு டோக்கனுக்கு அவ்வளவுதான் குடிக்க முடியும்போல.

வசந்தாவுக்கும் ஒரு உத்தரவு வந்திருக்கிறது. இனி ஆடிட் நடக்கும் நாளில் அவள் வேலைக்கு வர வேண்டாம், கட்டாய லீவு.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா வருத்தம்? அன்னிக்கு வூட்ல குந்திகினு வயிறு ரொம்ப தண்ணி குடிப்பேன்!"