மோர்ப்பானை வூட்டுக்கு ஒரு மாப்பிள்ளை

கல்யாணத் தரகு வேலையில சம்பளம், சொந்த வூடு, ஜாதகம் எல்லாம் பின்னாடி வர்ற கேள்விங்க, எங்க தெலுங்கு பேசுற குடும்பங்கள்ல முதல் கேள்வி “வூட்டுப் பேரு என்ன?” தான். இண்டி பேருன்னு சொல்லுவோம். ரெண்டு வூட்டுக்கும் ஒரே பேரா இருந்தா பங்காளி. பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறை. டீயைக் குடிச்சிட்டு எந்திரிச்சிட வேண்டியதுதான். கல்யாண வயசுல பிள்ளைங்களை வச்சிக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் மிக்சர் தட்டு நீட்டுற மகாஜனங்களே, நான் படுற பாடு உங்களுக்குத்தான் புரியும்.

கேள்விப்படாத பேரு

கம்பைநல்லூர்ப் பக்கம் வெங்கடப்பன்னு ஒரு தக்காளி விவசாயி. மனைவி தவறிப்போயி, வூட்ல அவரும் மக நந்தினியும்தான். பொண்ணு தருமபுரியில ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை பார்க்குது. அழகு, படிப்பு, வாய்த்துடுக்கு மூணும் இருக்குது. மாப்பிள்ளை மட்டும் அமையலை. காரணம் வூட்டுப் பேரு: சல்லகுண்டலோரு. சல்லன்னா மோரு, குண்டன்னா பானை. மோர்ப்பானைக்காரங்க.

ஒரே பேரா இருந்துட்டாலும் வம்பு, இப்படி யாருமே கேள்விப்படாத பேரா இருந்தா அதைவிட வம்பு. நான் கூட்டிட்டுப் போன முதல் பார்ட்டியே கேட்டதும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிச்சு. பையனோட அம்மா பஜ்ஜியைத் தட்டுலயே வச்சிட்டு என் காதுகிட்ட வந்து சொன்னாங்க: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, ஆனா இவங்க நம்ம ஆளுங்கதானா?”

ஆளுக்கொரு பானை

அடுத்து வர்றவங்க கேட்டா பதில் சொல்லணுமேன்னு பேரோட பூர்வீகத்தை விசாரிக்கக் கிளம்புனேன். வெங்கடப்பன் நெஞ்சை நிமித்திக்கிட்டாரு. கோடையில ஒரு ராஜாவோட படையே இந்த வழியா வந்துச்சாம், அத்தனை பேருக்கும் அவங்க முன்னோருங்க மோரு ஊத்துனாங்களாம். எந்த ராஜான்னு கேட்டேன். “ராஜான்னா ராஜாதாம்மா, அதுல என்ன எந்த ராஜா?”ன்னுட்டாரு.

அவரோட அக்கா பக்கத்து ஊர்ல இருக்காங்க. அந்தம்மா வயிறு குலுங்கச் சிரிச்சிட்டாங்க. “மோரு ஊத்துனாங்களா? யாரோ வூட்டு மோர்ப்பானையை ஒடச்சிட்டு ஊருக்குத் தண்டம் கட்டுனவங்க நாங்க!” குலசாமி கோயில் பூசாரி மூணாவதா ஒண்ணு சொன்னாரு. சாமியையே மோர்ப்பானைக்குள்ள ஒளிச்சு வச்சு, மேல மோரை ஊத்தி, ஆந்திரப் பக்கமிருந்து தூக்கிட்டு வந்தாங்களாம். அதனாலதான் இந்த வூட்ல மோரைக் காசுக்கு விக்க மாட்டாங்களாம். மூணையும் நந்தினிகிட்ட ஒப்பிச்சேன். அது செல்போன்ல இருந்து தலையைத் தூக்காமலே சொல்லிச்சு: “எந்தக் கதைக்கு மாப்பிள்ளை வர்றானோ அதையே நெசம்னு வச்சிக்கலாம்க்கா.”

எத்தனை குடும்பம் இருக்குது?

“எங்களுது பெரிய வம்சம்”பாரு வெங்கடப்பன். எங்க இருக்குது அந்த வம்சம்னு கேட்டா, கையை ஒசூர் திக்குல ஒருவாட்டி, குப்பம் திக்குல ஒருவாட்டி வீசுவாரு. உள்ளதைச் சொன்னா, குலசாமிக்குப் பொங்கல் வைக்கிற அன்னிக்கு மத்த பேருக்காரங்க பானை வரிசை கட்டி நிக்கும். சல்லகுண்டலோரு வரிசையில இவரு பானை ஒண்ணே ஒண்ணு. விறகு நகர்த்தக்கூட இன்னொரு கை கிடையாது. அதைப் பார்க்கிறப்ப எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

சரி, விடக்கூடாதுன்னு எங்க தரகர்ங்க வாட்ஸப் குரூப்ல “சல்லகுண்டலோரு, மோர்ப்பானை வூட்டார், யாராச்சும் இருந்தா தொடர்பு கொள்ளவும்”னு போட்டேன். ரெண்டு நாளு சத்தமே இல்லை. அப்புறம் பாலக்கோட்டுல இருந்து ஒரு புண்ணியவான் பதில் போட்டாரு: “மோருக்கு ஆர்டர் குடுத்தா டோர் டெலிவரி உண்டுங்களா?”

கேட்கக் கூடாத கேள்வி

அதைக் காட்டுனதும் வெங்கடப்பனுக்கு வந்துச்சே கோவம். “இனிமே நம்ம பேரை எவனும் கேட்கக் கூடாது. நாமளும் அடுத்தவன் பேரைக் கேட்க வேண்டாம். இது ஒப்புதல்னா ஆளைக் கூட்டிட்டு வா!” இது தெரிஞ்சா எங்க ஆளுங்க என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க. ஆனாலும் பொண்ணு முகத்துக்காக ஒத்துக்கிட்டேன்.

ஒசூர்ப் பக்கம் முனிராஜ்னு ஒருத்தர், பையன் லோகேஷ் கம்பெனியில சூப்பர்வைசர். வந்தாங்க, பார்த்தாங்க, பிடிச்சிருச்சு, பூவும் வச்சிட்டாங்க. நந்தினி போனைப் பார்த்துத் தனியா சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கும் நிம்மதி. பத்திரிகை அடிக்கிற கடையில உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருக்கிறப்ப, “வூட்டுப் பேரைப் போடாம எப்படிங்க, சல்லகுண்டலோருன்னு போடுங்க”ன்னாரு முனிராஜ். “அது பொண்ணு வூட்டுப் பேருங்க”ன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கலை. “எங்க வூட்டுப் பேரும் அதேதானுங்களே!”

மாப்பிள்ளை போயி பங்காளி வந்தாரு

வெங்கடப்பன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துடுவாருன்னு பயந்துக்கிட்டே போயி விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. கூட வந்த முனிராஜை, “தம்பி! இத்தனை வருஷம் எங்கடா இருந்த?”ன்னு கட்டிப் பிடிச்சிக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. முனிராஜ் பாவம், இறுக்கிப் பிடிச்ச கைக்குள்ள திருதிருன்னு முழிச்சாரு.

உள்ளே நந்தினி கதவைச் சாத்திக்கிட்டு அழுவுது. நேத்து வரைக்கும் லோகேஷு, இன்னிக்கு அண்ணன்னா எந்தப் பொண்ணுக்குத்தான் தாங்கும்? எனக்கு எரிச்சலே வந்துடுச்சு. “ஏங்க, பொண்ணு சோறு தின்னாம கிடக்குது, உங்களுக்கு என்ன கொண்டாட்டம்?”னு கேட்டுட்டேன். கதவு கிட்ட போயி ஒருவாட்டி தட்டிப் பார்த்தாரு. அப்புறமும் சொன்னது இதைத்தான்: “மாப்பிள்ளை ஊருக்குப் பத்துப் பேரு கிடைப்பாங்கம்மா, பங்காளி கிடைப்பானா?”

ரெண்டாவது பானை

அந்த மாசமே குலசாமிப் பொங்கல். வெங்கடப்பன் புதுத் தம்பிக்காகத் தானே ஒரு பானை வாங்கி, மஞ்சக் கொத்து கட்டி, தன் பானைக்குப் பக்கத்துல கல்லு கூட்டி வச்சிருந்தாரு. முனிராஜ் குடும்பத்தோட வந்தாரு. ஆனா வரிசைக்குள்ள வரலை. எதிர்ப்பக்கம், சம்பந்திங்க நிக்கிற இடத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

“வா தம்பி, பானையை வையி!”

“இல்லீங்க. இந்தச் சாமிக்கு நாங்க பானை வைக்கக் கூடாதுங்க. அன்னிக்கே சொல்லியிருப்பேன், எனக்கே தெரியாது. இன்னிக்கு இங்க கிளம்புறப்பத்தான் எங்கம்மா சொன்னாங்க. எங்கப்பா எங்கம்மா வூட்டுக்கு வூட்டோட மாப்பிள்ளையா வந்தவருங்க. ஆம்பளப் பிள்ளை இல்லாத வூடு. ஊர்ல அந்த வூட்டைச் சல்லகுண்டலோரு வூடுன்னே கூப்பிட்டு, எங்களுக்கும் அதே பேரு நின்னுபோச்சு. எங்கம்மாதான் உங்க வம்சம். அப்பா வழிக்குப் பேரும் வேற, சாமியும் வேறங்க.”

பூசாரி விரல் விட்டு முறை பார்த்தாரு. முனிராஜோட அம்மா வெங்கடப்பனுக்கு அத்தை முறை. அப்ப முனிராஜ் மச்சான். லோகேஷ் சுத்தமான மாப்பிள்ளை முறை. எனக்குக் குலவை போடணும்போல இருந்துச்சு. லோகேஷ் அப்பத்தான் மூச்சே விட்டான்.

வெங்கடப்பன் மட்டும் காலிப் பானை பக்கத்துல அப்படியே குந்திட்டாரு. “அப்ப மறுபடியும் நான் ஒத்த ஆளுதானா?” பாவமா இருந்துச்சுங்க, நெசமாவே. முனிராஜ்தான் வரிசைக்குள்ள வராம, வெளியில நின்னபடியே கையை நீட்டி அவரு அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டாரு. “பானைதானுங்க வைக்கக் கூடாது, விறகு தள்ளலாம் மச்சான்.”

அந்த வார்த்தையில மனுஷன் நிமிர்ந்தாரு. முனிராஜைப் பார்த்தாரு, லோகேஷைப் பார்த்தாரு. கண்ணைத் துடைச்சிக்கிட்டு மெதுவா என்கிட்ட, “ஏம்மா, வூட்டோட மாப்பிள்ளையா வந்தா பேரு ஒட்டிக்குதாமே. நம்ம பையனைக் கேட்டுப் பாரேன்?”னாரு.

நந்தினி விட்டுச்சா! “அப்பா, நீ இப்ப எந்திரிச்சுப் பொங்கலைக் கிண்டு. அடி பிடிச்சா அந்தப் பேரும் நம்மளுக்குத்தான் ஒட்டும்.”

பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடப் போயி அப்பனுக்கு மச்சானையும் சேர்த்துத் தேடிக் குடுத்த ஒரே தரகர் இந்த ஜில்லாவுல நானாத்தான் இருப்பேன், ஆனா கைக்கு வந்ததென்னவோ ஒரு புடவையும் ஒரு சொம்பு மோரும்தான்.