எதற்கும் ஒரு நகல்

ஒரு பழைய கோப்பை அழிக்க எனக்கு மனம் வராததால், உயிரோடு இருந்த ஒரு மனிதனை எட்டு நாள் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். பதினைந்து வருடம் ஜாவாவில் புரோகிராம் எழுதி வயிறு வளர்த்தவன் நான். வயிறு மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது.

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் நான் எல்லோர்மேலும் கோபமாக இருந்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி லோங் வீக்கெண்டுக்கு எங்கே போகிறாய் என்று கேட்டால் கோபம். கேட்காமல் விட்டாலும் கோபம். ரொறன்ரோவில் துலிப் பூத்ததே எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. கத்துவதற்கு ஆள் அகப்படாத நாட்களில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கத்தினேன். எதிரில் நின்ற மொட்டைத் தலையனும் விட்டுக்கொடுக்கவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தின் பேஸ்மென்ட்டில் சிலர் கூடி ஓர் இணையத்தளம் செய்தோம். ஆமியின் முகாம்களில் அடைபட்டிருப்பவர்களின் பெயர்கள் தொலைபேசியிலும் ஃபக்ஸிலும் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பதிந்து, இங்கே இருக்கும் உறவுக்காரர்கள் தேடிப் பார்க்க வழி செய்வதுதான் வேலை. ஆக இரண்டு அப்ளிகேசன்கள். பெயர்களைப் பதிகிற அப்ளிகேசனை எழுதியவர் ஒரு மதுரைக்காரர். சனி, ஞாயிறுகளில் பிக்கரிங்கிலிருந்து காரில் வருவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயர்களைத் தேடுகிற அப்ளிகேசன் என்னுடையது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்ன லைப்ரரி, அதாவது இரண்டும் எடுத்துப் பாவிக்கிற ஒரு நிரல் கோப்பு, இருந்தது. ஒரு முழுப்பெயரைக் கொடுத்தால், அதில் தகப்பன் பெயர் எது, ஆளின் பெயர் எது என்று பிரித்துத் தரும். அதை எழுதியவன் நானே. எங்கள் ஊரில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் இருபது வருடமாகக் கனடாப் படிவங்களை நிரப்பிப் பழகிய கை, கடைசியில் வருவதுதான் தகப்பன் பெயர் என்று எழுதிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை மதுரைக்காரர் அதைக் கண்டுபிடித்தார்.

"அண்ணா, லிஸ்ட்ல எல்லாருக்கும் அப்பா பேரு முதல்ல வருது. நீங்க தலைகீழா பிரிச்சிருக்கீங்க."

"அஞ்சு நிமிச வேலை," என்றேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. புதிய நகலை அவரிடம் கொடுத்தபோது அவர் அடுத்ததைத் தொடங்கினார்.

"இப்ப ரெண்டு அப்ளிகேஷனுக்குள்ளயும் ஆளுக்கொரு காப்பி கிடக்குது. ரெண்டையும் தூக்கிட்டு, சர்வர்ல பொதுவா ஒரு ஃபோல்டர்ல ஒண்ணே ஒண்ணு வச்சிடலாம். அடுத்த தடவை ஒரு இடத்துல மாத்தினா போதும்."

நியாயமான பேச்சு. அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொதுவில வைச்சா நாளைக்கு ஆரோ ஒருத்தர் வந்து மாத்துவார், எங்கட பக்கம் இடிஞ்சு விழும். அவரவற்ற சாமான் அவரவரிட்ட இருக்கோணும்."

"யாரோ ஒருத்தர்னா யாரு அண்ணா? நாம ரெண்டு பேர்தானே கோட் எழுதறோம்."

"அந்த ரெண்டு பேரில ஒருத்தற்ற நாடு பாத்துக்கொண்டெல்லோ நிண்டது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரிந்தது. சுற்றியிருந்து ஃபக்ஸ் தாள்களில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். மதுரைக்காரர் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"என் பொண்ணோட நீச்சல் கிளாஸை விட்டுட்டு வந்திருக்கேன் அண்ணா. நான் மட்டும்தான் வந்திருக்கேன். நாட்டைக் கூட்டிட்டு வரலை."

 "சரி, பொதுவில வையுங்கோ," என்று உறுமினேன்.

அவர் புதிய நகலைப் பொது ஃபோல்டரில் வைத்தார். தன் அப்ளிகேசனுக்குள் கிடந்த பழையதை அழித்தார். நான் என்னுடையதை அழிக்க வேண்டும்.

என்னைப்போல அகதியாக வந்தவர்களின் வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஏழு நகல், ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் முத்திரை. பள்ளிக்கூடம் விட்ட பத்திரம், அதிலும் ஐந்து. அசல் ஒருமுறை எரிந்துபோனால் பிறகு மனிதனுக்கு நகல்மேல் வருகிற ஆசை லேசில் போகாது. என்னிடம் நூலகக் கார்டுக்கே மூன்று நகல் உண்டு. டிலீட் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டுமே என்று நினைத்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

"அழிச்சிட்டீங்களா அண்ணா?"

"ஓம் ஓம்."

அந்தச் சர்வர், ஓர் அப்ளிகேசன் கேட்கும் லைப்ரரியை முதலில் அதன் சொந்த ஃபோல்டரில்தான் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் பொது ஃபோல்டருக்குப் போகும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். கோபத்தில் இருந்தவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. அன்று மதியம் முதல் அவருடைய பக்கம் பெயர்களைப் புதிய முறையில் பிரித்துப் பதிந்தது. என் பக்கம் பழைய முறையில் தேடியது. முன்பு பதிந்த பெயர்கள் தேடினால் வந்தன. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. புதிதாகப் பதிந்த ஒருவரும் வரவில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஓர் அக்கா தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஃபோன் எடுப்பார். ஊரில் யுத்தத்துக்குள் அகப்பட்ட அவருடைய கடைசித் தம்பியின் ஃபோன் ஏப்ரலில் நின்றுபோனது. அக்காவுக்குக் கொம்பியூட்டர் தெரியாது.

"பாத்தனீரோ தம்பி?"

"பாத்தனான் அக்கா. இல்லை."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். வெள்ளிக்கிழமை அவர் வேறு மாதிரிக் கேட்டார்.

"இனியும் தேடலாமோ தம்பி, இல்லாட்டி விடட்டோ?"

நான் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிபுணனின் குரலில் சொன்னேன். "வந்த லிஸ்ட் எல்லாம் ஏத்தியாச்சு அக்கா. இருந்திருந்தா வந்திருக்கும்."

"அப்ப சரி," என்றார். சனிக்கிழமை ஃபோன் வரவில்லை.

ஞாயிறு காலை மதுரைக்காரர் பதிந்த பெயர்களைத் திரையில் பார்த்து வாசிக்க, நான் கடதாசிப் பட்டியலில் சரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெயரில் என் பேனை நின்றது. அக்காவின் வாயிலிருந்து தினமும் கேட்ட பெயர்.

"உது எப்ப பதிஞ்சது?"

"போன சனிக்கிழமை மத்தியானம். நான்தான் டைப் பண்ணேன்."

தேடிப் பார்த்தேன். இல்லை என்றது. திரும்பத் தேடினேன். திரும்பவும் இல்லை. அவர் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, என் அப்ளிகேசனின் ஃபோல்டரைத் திறந்தார்.

"அண்ணா, இது என்ன?"

நான் கத்தத் தொடங்கினேன். சர்வரைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், தெளிவில்லாமல் ஃபக்ஸ் அனுப்புகிறவர்களைத் திட்டினேன். தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்த என் முன்னோர்களையும் விடவில்லை. அவர் பதிலுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அந்தக் கோப்பை அழித்தார். சர்வரை நிறுத்தித் தொடங்கினார். முன்பு பதிந்த பெயர்களையும் புதிய முறைக்கு மாற்றினார். பிறகு விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். தேடினேன். ஆள் இருந்தார். முகாமின் பெயர், பகுதி, கூடார நம்பர் எல்லாம் இருந்தன.

இந்தச் செய்தியை ஃபோனில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் எடுத்து, சப்வே எடுத்துப் போனேன். அக்காவின் கட்டடத்தில் மூன்று லிஃப்டில் ஒன்றுதான் வேலை செய்தது. அதற்காக நின்ற பத்து நிமிடமும் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் நான் பரவாயில்லாமல் நடந்துகொண்டேன்.

அக்கா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், ரீவிக்கு மேலே, தம்பியின் படம் இருந்தது. படத்துக்கு மாலை போட்டிருந்தார். முன்னால் ஒரு விளக்கு எரிந்தது.

"அக்கா, அவர் இருக்கிறார். முகாமில இருக்கிறார்," என்றேன்.

அவர் நேரே போய் விளக்கை அணைத்தார். மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வாய் தானாகத் தொடங்கியது. சர்வர், ஃபோல்டர், பழைய நகல், எட்டு நாள் என்று விளக்கினேன். நானும் என் கொம்பியூட்டரும் ஒரே சாதி அக்கா, வீட்டுக்குள்ள கிடக்கிற பழசை விட்டிட்டுப் புதுசைத் தொடமாட்டம் என்று பகிடி விட்டேன். சிரித்தும் காட்டினேன்.

அக்கா ஒரு விளம்பரத்தாளைத் திருப்பிப் போட்டார். பேனையை எடுத்தார். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமியே உயிரோட விட்டவனை எட்டு நாள் நீர் சாக்காட்டி வைச்சிருந்தனீர். பகிடியை நிப்பாட்டிப்போட்டு அவன்ர கூடார நம்பரைச் சொல்லும்."