வேகத்தடை வந்தால் இறங்க வேண்டிய கார்

அத்தை பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சீர்த்தட்டோடு, நோணாங்குப்பம் வேகத்தடையை நடந்து தாண்டிக்கொண்டிருந்தபோதுதான் வண்டியை விற்றுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அத்தைக்கு முன்னால் அப்பா, வாழைத்தாரோடு. பின்னால் அம்மா, பூப்பையோடு. அவர்களுக்கும் பின்னால், காலிக் காரை ஓட்டிக்கொண்டு நான். தவளக்குப்பத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த கடலூர் பஸ் எங்களுக்காக நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னாப்பா, சாமி ஊர்வலமா?"

அத்தை மறுபடி ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். "ஏன்டி, காருன்னா நம்ம அதுல போவணும். நம்ம நடந்து போறோம், அது பின்னாடி வருது. இதுக்குப் பேரு காரா?"

அது அம்பாசிடர். என்னைவிட வயதில் மூத்தது. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பத்தின் கொட்டகையில், கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிடிவாதம் பிடித்து அதை வாங்கினேன். எஞ்சினை ஓடவைக்க ஒரு வருஷம் ஆனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எதையும் அப்படியே விட்டுவைக்க வராது. கடல்பச்சை நிறம் அடித்தேன், அகல டயர் போட்டேன், ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவந்தேன். கடைசியாக வண்டியைத் தாழ்த்தினேன். பின்சக்கரங்களுக்கு மேல் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளில், பக்கத்துக்கு இரண்டைக் கழற்றிவிட்டேன். தரையோடு தரையாக, பதுங்கிய பூனை மாதிரி நின்றது. அளந்து பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது.

அளந்தபோது வண்டிக்குள் யாரும் இல்லை. மெக்கானிக்கல் படித்தவள் நான், ஆளில்லாத காரை அளந்திருக்கிறேன். அப்பா, அம்மா, அத்தை மூவரும் ஏறி உட்கார்ந்தபோது பின்டயர் போய் மட்கார்டில் உரசியது. வேகத்தடை ஏறினால் வயிறு இடித்தது. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் வாய்க்கால் மேல் போட்ட சரிவுப் பலகையில்கூட ஏறவில்லை. அதனால் வண்டி தெருவிலேயே நின்றது. பழைய பட்டைகளைத் திரும்பப் போடலாம் என்றால், நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் அம்மா அவற்றைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒன்று எங்கள் வீட்டு அரிவாள்மனை ஆனது. ஒன்று அத்தை வீட்டு அரிவாள்மனை. ஒன்று தெருமுனை இளநீர்க் கடையில் வெட்டுக்கத்தி. மிச்சம் ஒன்று, காற்றுக்கு அடிக்காமல் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நல்ல இரும்பு. காய் வெண்ணெய் மாரி நறுக்குது," என்றாள் அம்மா. அவளிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

காதுகுத்து முடிந்து வந்ததும் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். என்னென்ன பழுது என்பதையும் எழுதினேன்: பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கும், ரேடியேட்டரில் கசிவு, ரிவர்ஸ் கியர் சில நேரம் தானாக விலகிக்கொள்ளும், டிரைவர் கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும். வேகத்தடை விஷயத்தை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'நேரில் விளக்கப்படும்' என்று போட்டேன். நேரில் விளக்கியதும் வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒரு பையன் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, "அக்கா, செம மாஸ்," என்று பாராட்டிவிட்டு பைக்கில் கிளம்பினான்.

இதற்கிடையில் ஆடி வந்துவிட்டது. எங்கள் தெருவில் அம்மன் தேர் திரும்பும். போன வருஷம் தேர் வந்த நாளில் ரேடியேட்டர் காலியாகி வண்டி கிளம்பாமல், தேரை இழுக்க வேண்டிய ஆட்கள் என் காரைத் தள்ளினார்கள். தெருவில் அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. இந்த வருஷம் கோயில் கமிட்டிக்காரர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "தேரு வர்றதுக்குள்ள எடுத்துடுங்கண்ணே. சொல்லலன்னு இருக்கக் கூடாது."

அப்பா, வேலை பார்த்த மில்லை மூடிவிட்ட பிறகு, ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டியாக இருக்கிறார். தினமும் நூறு கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்கிறவருக்கு, சொந்த மகளின் கார் தெருவை அடைத்து நிற்பது எப்படி இருக்கும்? காலையில் வேலைக்குப் போகும்போது காரைச் சுற்றிக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் ஒயிட் டவுனில் காபி கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"கலர் சூப்பர். கடை வாசல்ல நிறுத்தப் போறேன். எஞ்சின் வேணாம், அத நீங்களே வச்சிக்கங்க. டிக்கில காகிதப்பூச் செடி வப்போம். முன்னாடி சீட்ட எடுத்துட்டு பெஞ்சு. டூரிஸ்ட்டுங்க உக்காந்து போட்டோ எடுப்பாங்க."

"அப்போ பிரேக்கு, ரேடியேட்டர்..."

"செடிக்கு எதுக்குங்க பிரேக்கு?"

நான் கேட்ட விலைக்கு மறுபேச்சில்லை. தேர் நாளுக்கு முன்னால் இழுவை வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போவதாகவும் சொன்னார். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஓடாத ஒன்றை ஓடவைத்தேன் என்பதுதான் நான் அந்த வண்டியில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை. அதையும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு மண்ணைக் கொட்டப்போகிறார்கள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன்பா," என்றேன்.

"பாரு. தேரு உனக்காக நிக்காது."

ஞாயிறு காலை ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. அவர் தனியார் பஸ் டிரைவர், தவளக்குப்பத்துக்காரர். கூட மனைவியும், முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த அம்மாவும்.

"எல்லாரும் ஏறித்தான் பாப்போம்," என்றார் அந்த அக்கா. "இவரு மட்டும் ஓட்டிப் பாத்துட்டு வாங்கிடுவாரு. அப்பறம் நாங்க உக்கார எடம் இருக்காது."

அவர் ஸ்டியரிங்கில். நான் பக்கத்தில். பின்சீட்டில் மாமியாரும் மருமகளும். டயர் லேசாக உரசும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மெயின் ரோட்டு வேகத்தடை தெரிந்ததும் டாஷ்போர்டைத் தட்டினேன்.

"அண்ணா, நிறுத்துங்க. இங்க எல்லாரும் எறங்கணும்."

"ஏம்மா, போலீசா?" என்றார் பின்னாலிருந்து அந்த அம்மா.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்த்தியது, ஆளில்லாமல் அளந்தது, வேகத்தடைதோறும் வீட்டில் எல்லோரும் இறங்கி நடப்பது, காதுகுத்து ஊர்வலம் உட்பட. டிரைவர் அண்ணன் இறங்கி, பின்பக்கம் குந்தி, அடியில் எட்டிப் பார்த்தார்.

"பட்டைய எடுத்துட்டியா பாப்பா?"

"ஆமாண்ணா."

"எங்க அது?"

"அரிவாள்மனை ஆயிடுச்சு."

அந்த அக்கா சிரித்தார் பாருங்கள், பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "காருல போறதோட வூட்ல காயும் நறுக்கலாம்னு சொல்லு!"

அக்கா இறங்கிவிட்டார். மாமியார் இறங்கவில்லை.

"எறங்கி எறங்கி ஏற எனக்கு முட்டி இல்ல. மெதுவா ஓட்றா."

வேறு வழியில்லாமல், நேராகப் போகாமல் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றச் சொன்னேன். பஸ் ஓட்டிய கை அவருக்கு, பொறுமையாக ஏற்றினார். அடியில் 'கர்ர்ர்' என்று தேய்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி மறுபக்கம் இறங்கியாயிற்று.

"சத்தம் போட்டாப் போட்டுட்டுப் போவுது," என்றார் அந்த அம்மா. "டேய், ஒன் பஸ்ல ஏற எனக்கு ரெண்டு ஆளு தூக்கணும். ஆட்டோல ஏறனாலும் முட்டி கழண்டுக்குது. இதுல நாற்காலில ஒக்கார்ற மாரி ஒக்காந்துட்டேன். நீ கவனிக்கல?"

அவர் கவனித்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "எங்க ஸ்டாண்டுகிட்ட பட்டை கட்ற கடை இருக்கு. பக்கத்துக்கு ஒண்ணு போட்டுக்கறேன். ரெண்டாவது வேணாம், ஒசந்துடும். அம்மா ஏற முடியாது."

எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. தாழ்த்தியதற்காக என்னை யாரும் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. காபி கடைக்காரர் ஒத்துக்கொண்ட விலையைவிடக் குறைத்துத்தான் டிரைவர் அண்ணன் கேட்டார். அவர் இறங்கும்போது டிரைவர் கதவை லேசாகத் தூக்கிச் சாத்தியதைப் பார்த்ததும் சரி என்றேன். அதை நான் அவருக்குச் செய்து காட்டவில்லை. பிரேக்கை மட்டும் நானே சரிசெய்து தருவதாகச் சொன்னேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். காபி கடைக்காரருக்கு அன்றே போன் செய்தேன். "பரவால்லங்க, எனக்குப் பழைய ஆட்டோ ஒண்ணு கெடச்சிடுச்சு," என்றார். அந்த ஆட்டோவை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

தேருக்கு முந்தின நாள் வண்டியை எடுக்க வந்தார்கள். அந்த அக்கா நேராக எங்கள் சமையலறைக்குப் போய், "எங்க வண்டிப் பட்டை எங்கம்மா?" என்று கேட்டார். அம்மா அரிவாள்மனையை முந்தானையால் மூடினாள். "அது காரோட சேத்தி இல்ல. வேணும்னா கேட்டுக்கு முட்டுக்கொடுத்தத எடுத்துக்க." அதையும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டுதான் போனார்கள்.

கடல்பச்சைக் கார் மெயின் ரோட்டில் திரும்பி, வேகத்தடையில் கோணலாக ஏறி, மறைந்தது. யாரும் இறங்கவில்லை. நான் அழுவேன் என்று அத்தை பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அழுகை வரவில்லை. பசித்தது. ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் தேர் எங்கள் வாசலில் தடையில்லாமல் திரும்பியது. கார் நின்ற இடத்தில் அப்பா தண்ணீர்ப் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரருக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் பழைய மொபெட் நிற்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவைக்கப் போகிறேன். மோட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது. பேட்டரியை எங்கே வைப்பது, வண்டி எவ்வளவு தாழும் என்று வரைந்துகொண்டிருக்கிறேன். நாளைக் காலை முதல் வேலை அளப்பது. அம்மாவை ஏறி உட்காரச் சொல்லியிருக்கிறேன். முன்னால் தண்ணீர் கேன், பின்னால் அரிசி மூட்டை, முடிந்தால் அத்தையும்.

"அத்தைய எதுக்குடி கூப்புடற?" என்று கேட்கிறாள் அம்மா.

அத்தை உட்காராமல் நான் அளக்கப்போவதில்லை.