இரண்டாவது ஆள்

அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்து முதல் வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். அங்கே யாரும் மணி அடித்து நிற்பதில்லை. "பட்டாளம், இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்தபடியே உள்ளே நுழைந்துவிடுவார்கள். எண்பதைத் தாண்டிய கிழவர் அவர். பட்டாளத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். இடது கால் லேசாக இழுக்கும். மனைவி போனபின் தனிக்கட்டை. ஒரே மகன் வெளிநாட்டில் வேலை பார்த்தான்.

மூன்றாவது மாடியில் குடியிருந்த டாக்டர் அவருக்குச் சிநேகிதரானது லிப்ட் புண்ணியத்தில்தான். ஒருநாள் சாயங்காலம் அது பழுதாகி நின்றுபோக, டாக்டர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். திறந்த கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன டாக்டர், மேல எதிரி யாராவது துப்பாக்கியோட காத்துட்டு இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரி காத்துட்டு இருக்கா."

"அப்ப அவசரப்படாதீங்க. உள்ள வாங்க, ஒரு ஆட்டம் சீட்டு போடலாம்."

லிப்ட் மறுநாளே சரியாகிவிட்டது. சீட்டாட்டம் வருடக்கணக்கில் நீண்டது. சில மாதங்களில் 'நீங்க' போய் 'தம்பி, நீ' ஆனது. டாக்டருக்கு ஐம்பது வயது. அவரைத் தம்பி என்று கூப்பிட வேறு யாரும் மிச்சமில்லாததால், அது அவருக்கு வேண்டியும் இருந்தது.

கிழவர் சீட்டில் கூச்சமே இல்லாமல் திருடுவார். கையும் களவுமாகப் பிடித்தால், "கண்ணு தெரியல தம்பி" என்பார். "ஜோக்கரை மட்டும் எப்படித் தெரியுது?" என்று டாக்டர் எகிறுவார். இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் மாடியிலிருந்து டாக்டரின் மனைவி எட்டிப்பார்த்து, "ரெண்டு குழந்தைகளும் கொஞ்சம் அடங்குங்க" என்பாள்.

டாக்டரின் வேலை ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை சொல்வது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், விளக்கணைத்த ஓர் அறையில், திரைகளுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவருடைய நோயாளிகளுக்கு முகம் கிடையாது. எலும்பும் நிழலும்தான். கிழவருக்கு இதில் தீராத கேலி.

"ஊசி போட மாட்ட, மருந்து எழுத மாட்ட. இருட்டுல உக்காந்து படம் பாக்குற. அதுக்குச் சம்பளம் வேற! நான் என்ன பாவம் பண்ணேன், என்னைப் போய் வெயில்ல நிக்க வெச்சாங்க?"

சிரித்தாலும் உள்ளுக்குள் அது டாக்டரைத் தைக்கும். அவர் அந்தத் துறையை எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான். கெட்ட செய்தியை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் வாய் தனக்கு இல்லை என்பது படிக்கிற காலத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேன் முடிந்து நடைபாதையில் நிற்பவர்கள் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பார்கள்: "ஏதாவது தெரிஞ்சுதா டாக்டர்?" அவரிடம் ஒரே பதில்தான். "உங்க டாக்டர் சொல்லுவார்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவார்.

ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் இதைச் சொல்லப்போய்தான் கிழவரின் பழைய வேலை வெளியே வந்தது. காலில் அடிபட்டபின் அவரைச் சண்டை நடக்கும் இடத்திலிருந்து மாற்றி, ஓர் அலுவலகத்தில் போட்டிருந்தார்கள். இறந்துபோன சிப்பாய்களின் வீடுகளுக்கு நேரில் போய்ச் செய்தி சொல்கிற அலுவலகம்.

"எப்பவும் ரெண்டு பேர்தான் போவோம். ஒரு அதிகாரி, கூட ஒரு ஆள். அதிகாரி பேசுவார். நான் கூடப் போற ஆள்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இருப்பேன்." கிழவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "பேசுறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும் தம்பி. பேசி முடிச்சதும் அந்த வீட்ல ஒரு நேரம் வரும் பாரு, அதுக்குத்தான் இன்னொரு ஆள். அதிகாரி ஜீப்புக்குப் போயிடுவார். அக்கம்பக்கத்துலருந்து யாராவது வந்து சேர்ற வரைக்கும் நான் அங்கேயே இருப்பேன். கவலைப்படாதீங்கன்னு சொல்லக் கூடாது. கடிகாரத்தைப் பாக்கக் கூடாது. தண்ணி குடுத்தா வேணாம்னு சொல்லாம குடிச்சிடணும். அந்த நேரத்துல அவங்க கைக்குச் செய்ய ஒரு வேலை வேணுமில்ல?"

"சொல்றது எப்படி?"

"கதவு திறந்திருந்தாலும் மணி அடிக்கணும். கேட்டுட்டு உக்காரணும். மொத வாக்கியத்துலயே சொல்லிடணும். சுத்தி வளைச்சா, அந்த நேரம் பூரா அவங்களுக்கு நம்பிக்கையைக் குடுத்து ஏமாத்துறோம்னு அர்த்தம். எங்க அதிகாரி அப்படித்தான் சொல்லுவார். நல்ல மனுஷன். ஜீப்புல ஏறினதும் வாந்தி எடுப்பார்."

கவிழ்த்த சீட்டுகளை அடுக்கி நேராக்கினார். பிறகு தானாகவே சொன்னார். "ஒரு வீட்ல ஒரு அம்மா. சேதி கேட்டு அழல. சுவத்தைப் பாத்து உக்காந்துட்டாங்க. வெளிச்சம் போயிடுச்சு, விளக்குப் போட யாருமில்ல. நானும் இருட்டுலயே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பாமயே கேட்டாங்க, 'இருக்கியாப்பா?'ன்னு. 'இருக்கேன்மா'ன்னேன். அத்தனை வருஷத்துல அந்த வேலையில நான் வாய் திறந்து பேசினது அது ஒண்ணுதான்."

அதற்கு அடுத்த வாரம் நடைபாதையில் ஒரு பெண் டாக்டரை வழிமறித்தாள். உள்ளே அவள் கணவனின் படம். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரிந்ததைச் சொன்னார். அவள் அழுதாள். அவர் எழுந்திருக்கவில்லை. கால்கள் ஓடத் துடித்தன. தொடைமேல் கையை ஊன்றி அழுத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் இதைக் கேட்ட கிழவர் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. "தண்ணி குடுத்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி இருக்கையில் கிழவருக்கு ஓர் இருமல் வந்தது. போவேனா என்றது. முதுகும் வலித்தது. டாக்டர் விடாமல் நச்சரித்துத் தன் ஆஸ்பத்திரிக்கே வரவைத்தார். நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

படம் இவர் திரைக்கு வந்தது. மேல்மூலையில் பெயரைப் பார்த்ததும் டாக்டருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கிழவருக்கு இப்படி ஒரு முழுப்பெயர் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அடுத்த கணம் கண் கீழே இறங்கியது. நுரையீரலில் கட்டி. கல்லீரலில் புள்ளிகள். முதுகெலும்பில் அரித்த இடங்கள். இது என்னவென்று சொல்ல அவருக்கு இன்னொரு தடவை பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் கிழவர் கொடுத்திருந்தது மகனின் நம்பர். நெஞ்சு டாக்டர் அவனிடம் பேசினார். அன்றே மகன் இவரைக் கூப்பிட்டான்.

"அண்ணா, அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. சளிக்கட்டுன்னு சொல்லுங்க. லீவு கேட்டிருக்கேன், அடுத்த மாசம் வந்து நானே பக்கத்துல இருந்து சொல்றேன். அந்த டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவர் கேட்டா?"

"நீங்க சொன்னா நம்புவார்ணா. நான் இங்க இருந்துட்டு, அவர் அங்க தனியா இடிஞ்சு போயிட்டா யாரு பிடிக்கிறது? சொல்லுங்க." அவன் குரல் உடைந்தது. "ராத்திரி போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கு."

அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. சரி என்றார். அதில் தனக்கும் ஒரு நிம்மதி இருந்ததை வெட்கத்தோடு உணர்ந்தார்.

சளிக்கட்டு என்றதும் கிழவர் நம்பிவிட்டார். வலிக்குக் கொடுத்த மாத்திரையைச் சளிக்கென்று நினைத்து, கடமை தவறாமல் விழுங்கினார். சீட்டாட்டம் தொடர்ந்தது. டாக்டருக்குத்தான் கை கூசியது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி ஜோக்கரைத் தேடுவான்?

கிழவருக்கு உயிரோடு இருந்த கூடப்பிறப்பு ஒரே அக்கா. ரயிலில் ஒரு பகல் பயணத் தூரத்தில், பேத்தி வீட்டில் இருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்தத் தடவை தள்ளிப்போட்டார்.

"இருமிட்டே போய் நின்னா அவ பயந்துடுவா தம்பி. இந்தச் சளி போகட்டும், போறேன். அவ எங்க போகப்போறா, நான் எங்க போகப்போறேன்?"

டாக்டர் சீட்டைப் பார்த்தபடி இருந்தார். இந்த இருமல் நிற்காது. நிற்கும் என்று காத்திருந்தால் அந்த ரயிலில் இவர் ஏறப்போவதில்லை. அடுத்த மாதம் மகன் வரும்போது உட்காரவே முடியாமல் போகலாம்.

"என்ன தம்பி, உன் கண்ணு முன்னாலதான் மூணு சீட்டை மாத்தி வெச்சேன். பேசாம இருக்க?" என்றார் கிழவர். "ஒரு வாரமா என்னை ஜெயிக்க விடுற. உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

டாக்டர் மாடிக்கு வந்ததும் போனை எடுத்தார். கிழவரின் மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'மன்னிச்சுக்கோங்க தம்பி. அவர்கிட்ட இதை மறைக்க எனக்கு உரிமை இல்ல. நாளைக்குச் சொல்லப்போறேன்.' பதில் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கதவு எப்போதும்போல் திறந்து கிடந்தது. டாக்டர் வாசலில் நின்று மணியை அழுத்தினார். அந்த வீட்டு மணியின் சத்தம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கிழவர் ஜன்னலோரம் கண்ணாடி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கம் சோப்பு நுரை. திரும்பி, வாசலில் நின்றவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சவரக் கத்தியைக் கழுவி வைத்தார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரை நிதானமாக மாட்டினார். முகத்து நுரையை மறந்துவிட்டார்.

"உள்ள வா."

"உக்காரலாமா ஐயா?"

"உக்காரு."

டாக்டர் உட்கார்ந்தார். "ஐயா, உங்களுக்கு நுரையீரல்ல புத்துநோய். கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருக்கு. குணமாகாது. சளின்னு நான் சொன்னது பொய்."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். டாக்டர் கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை.

"எவ்வளவு நாள்?"

"சில மாசம். கூடக் குறைய இருக்கலாம். வருஷம்னு சொல்ல மாட்டேன்."

"ம்." கிழவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு டாக்டரின் தோளுக்குப் பின்னால், வாசலைப் பார்த்தார். "கூட யாரு?"

"யாருமில்ல."

"தனியாவா வந்த?" குரலில் நிஜமான கோபம். "படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், ரெண்டு பேராத்தான் போகணும்னு! இப்ப உன்னை யாரு பாக்குறது?"

எழுந்து, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். டாக்டர் இரண்டு கையாலும் வாங்கினார். வேண்டாம் என்று சொல்லாமல் முழுவதும் குடித்தார்.

"அக்காகிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்" என்றார் கிழவர். "இந்த வாரமே. நீ லீவு போடு. கூட ஒரு ஆள் வேணும்."

"வரேன்."

"பையனுக்குத்தான்… அவன் அங்க ஒத்தையில கிடக்கான். அவனுக்கு யாரு சொல்றது?"

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "அவருக்குத் தெரியும் ஐயா. ஸ்கேன் எடுத்த அன்னைக்கே தெரியும். அவரே வந்து சொல்லணும்னு நினைச்சார்."

அதுவரை அசையாமல் இருந்த முகம் அப்போதுதான் கலைந்தது.

"அன்னைக்கேவா? தினமும் போன்ல சிரிச்சுப் பேசினானே. சாப்பிட்டியாப்பா, தூங்கினியாப்பான்னு… இத்தனை நாளா பக்கத்துல ஒருத்தருமில்லாம, இதைத் தூக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வந்திருக்கானா?" மேசைமேல் இருந்த போனைத் தடவி எடுத்தார். "போடு. அவனுக்குப் போடு. சத்தமா வை."

மணி முழுதாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அதற்குள் எடுத்துவிட்டான்.

"அப்பா…"

"உக்காந்திருக்கியா?"

"நின்னுட்டு இருக்கேன்பா."

"உக்காரு."

நாற்காலி இழுபடும் சத்தம் அத்தனை தூரம் தாண்டி வந்தது.

"டாக்டர் தம்பி சொல்லிட்டான். ஒழுங்காச் சொன்னான். நான் நல்லாத்தான் இருக்கேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா உனக்கு?"

"யாருமில்லப்பா."

"சரி. நாங்க ரெண்டு பேர் இருக்கோம் இங்க."

அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பேச்சு அல்ல. இத்தனை நாள் அடக்கிவைத்தது மொத்தமாக வந்தது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் தனக்கென்ன வேலை என்று டாக்டர் மெல்ல எழுந்தார். கிழவர் உட்காரும்படி கையைக் காட்டினார். டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். சட்டைப் பையில் அவர் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே அணைத்தார். கிழவரின் ஒரு பக்கக் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக இறுகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேசைமேல் இருந்த போனுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஸ்கூட்டர் ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணா," என்றான் மகன். "இருக்கீங்களா?"

டாக்டர் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"இருக்கேன்."