உப்புக் கேள்விகள்

மனநல ஆய்வு ஒன்றுக்காக மாமல்லபுரம் கரையோரக் குப்பங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. சின்ன வயதில் என்ன நடந்தது, இப்போது தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்றெல்லாம் கேட்பேன். பயத்தைப் பற்றிய கேள்விகள் அத்தனைக்கும் முதலில் எனக்கே ‘ஆம்’ போட்டுப் பார்த்தவன் நான். தெருநாய் கொட்டாவி விட்டால்கூட வேலிக்கு வெளியே நின்று பேட்டி எடுக்கிற ஆள்.

ஒரு வீட்டில் ஒருவரைத்தான் கேட்க வேண்டும். யாரை என்று டேப்லெட்டே குலுக்கிப் போட்டுச் சொல்லும். அடி உதையைப் பற்றிக் கேட்கும்போது வேறு யாராவது உள்ளே வந்துவிட்டால், உடனே உப்புக் கேள்விகளுக்குத் தாவிவிட வேண்டும். குழம்பில் உப்பு எவ்வளவு, ஊறுகாய் உண்டா, கருவாடு உண்டா. அடிப்பவர் காதில் எதுவும் விழக்கூடாது என்பதற்காகவே எழுதி வைத்த வெற்றுக் கேள்விகள் அவை. பயிற்சியில் நான்தான் எல்லோரையும்விட வேகமாகத் தாவினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

அன்று காலை குலுக்கலில் வந்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். படகை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். மகனுக்கு என் வயதுதான் இருக்கும். வலை பார்க்கக் கரைக்குப் போயிருந்தான்.

“இந்த ஒரு வருஷத்துல வீட்டுல யாராச்சும் உங்கள அடிச்சிருக்காங்களாய்யா?”

பெரியவர் கூரையைப் பார்த்து யோசித்தார். அதற்குள் மகன் வாசலில் வந்து நின்றான்.

தாவினேன். “கொழம்புல உப்பு தூக்கலா சாப்பிடுவீங்களா?”

“வாரத்துக்கு ரெண்டு வாட்டி அடிப்பான்,” என்றார் பெரியவர், மகனைப் பார்த்தபடியே. “குடிச்சிகினு வந்தான்னா மூணு.”

யாராவது வந்தால் இப்படித் தாவுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்; உப்புக் கேள்வி அவருக்குப் புரியாமல் இல்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

மகன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினான். முதல் அடி பெரியவரின் நெற்றியில். இரண்டாவது, தடுக்கப்போன கையில். மணிக்கட்டு மளுக்கென்றது எனக்கே கேட்டது. நான் அப்போது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, என் தொப்பை நுழையாத இடத்தில் என்னைச் செருகிக்கொண்டிருந்தேன். டேப்லெட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “ஊறுகா உண்டா? கருவாடு வாரத்துல எத்தனை நாள்?” என்று வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

“உப்பக் கேக்கறியாய்யா?” மகன் என் பக்கம் திரும்பினான். அவன் கையில் நாற்காலியின் ஒரு கால்தான் மிச்சம். “எங்கிட்ட கேளு. நான் எட்டாவது படிக்கசொல்ல இந்தாளு என்னிய துடுப்பால அடிச்சத கேளு. கட்டிப்போட்டு நாளெல்லாம் வெயில்ல வுட்டத கேளு.”

சிறுவயதில் வாங்கிய அடிகளுக்கென்றே டேப்லெட்டில் ஒரு பகுதி இருந்தது. ஆனால் குலுக்கலில் அவன் வரவில்லையே. அதை அவனிடமே சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியாதது.

“சார், ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்.”

உதை விலாவில் இறங்கியது. டேப்லெட் சுவரில் மோதி விழுந்தது.

“நைனா, அடிக்கலன்னு சொல்லேன் பாப்போம்,” என்றான் மகன்.

“அடிச்சேன்,” என்றார் பெரியவர்.

அந்தப் பதிலுக்கும் ஓர் அடி விழுந்தது. இம்முறை வெறுங்கை. பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் தெறித்தது.

அப்போதுதான் கத்தினேன். வீரமாக எல்லாம் இல்லை, எங்கம்மாவைக் கூப்பிட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து மகனை இழுத்துப் பிடித்தார்கள். பெரியவரை என் வண்டியில் ஏற்றினேன். கிளினிக் போய்ச் சேர்வதற்குள் என் சட்டை முதுகெல்லாம் அவர் ரத்தம்.

“எப்படி ஆச்சு?” என்றார் டாக்டர்.

“வழுக்கி வுழுந்துட்டேன்.”

டாக்டர் எழுதத் தொடங்கினார். அதை எழுதி முடித்தால், கட்டுப் போட்டு சாயங்காலமே அதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் சொன்ன பதில் எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நாற்காலி அவர் சொன்ன பதில் இல்லை. நான் பார்த்தது.

“விழல டாக்டர். மகன் அடிச்சாரு. நான் அங்கதான் இருந்தேன்.”

“நீங்க யாரு?”

“கேள்வி கேக்கப் போனவன்.”

பெரியவர் என் குலத்தையே இழுத்துத் திட்டினார். “நீ எழுதிக்கத்தான சொன்னேன்? அவன் மேல கேஸ் போடவா சொன்னேன்?”

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எக்ஸ்ரே எடுக்கப் போகும்வரை பெரியவரின் வசவு ஓயவில்லை. கையில் கட்டோடு திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“சதுரங்கப்பட்டினத்துல எம்பொண்ணு கீது. அங்க கொண்டும்போய் வுடு.”